‘அடா’ன்னு சொன்ன ஒரு சொல்லு, அஞ்சு மாசம் வராத கெபாஜிக்கான் காசு

இது 2023 கடைசியில, மலேசியாவுல எங்க டவுன்ல, ஒரு பாட்டிக்கு கெபாஜிக்கான்லேர்ந்து, அதாவது சமூக நல இலாகாவுலேர்ந்து, மாசாமாசம் வந்துக்கிட்டிருந்த காசு நின்னு போன கேஸ். முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கிட்டே இருந்தேன். எங்க பக்கம் எஸ்டேட்ட விட்டு டவுனுக்கு வந்த வயசானவங்க எத்தனையோ பேரு இதே எடத்துல மாட்டிக்கிறாங்க, காசு நின்னுடுச்சின்னா "கவுமென்ட்டு நிப்பாட்டிடுச்சி"ன்னு சொல்லிட்டு பேசாம வீட்ல உக்காந்துடுறாங்க, எதுக்கு நின்னுச்சின்னு போய் கேக்கிற ஆளே இல்ல. பாட்டி பேரு, டவுன் பேரு, எந்த ஆபீஸ்ன்னு எதையும் நான் சொல்லப் போறதில்ல. தென் கெடா பக்கம், ஒரு காலத்துல சுத்தி பால்மரம், அதாவது ரப்பர், இப்ப பாதி செம்பனை பாதி தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. அவ்வளவு தெரிஞ்சா போதும்.

நான் டவுன்ல போட்டோஸ்டேட் கடை வச்சிருக்கேன். ஐசி (அடையாள அட்டை) காப்பி எடுக்க வர்றவங்க அப்படியே பாரத்தையும் நீட்டி "தம்பி, இதையும் எழுதிக் குடுத்துடு"ன்னு கேப்பாங்க, அப்படியே பழகிப் போயி இப்ப பாதி நேரம் எனக்கு இதுதான் வேலை. அக்டோபர் கடைசியில ஒரு நாள் பாட்டி பேங்க் புக்க எடுத்துக்கிட்டு வந்துச்சி. வயசு 71, பால்மரம் சீவின கை, வெரலு இன்னும் வளைஞ்சபடியே இருக்கும். "தம்பி, இதுல காசு வந்திருக்கான்னு பாரு, மிசின்ல காட்ட மாட்டேங்குது, கார்டு கெட்டுப் போச்சா"ன்னு கேட்டுச்சி. புக்க புரட்டிப் பாத்தா ஜூலை வரைக்கும் மாசாமாசம் 500 வெள்ளி (ரிங்கிட்) ஏறியிருக்கு, ஆகஸ்டுலேர்ந்து ஒண்ணுமே இல்ல. கார்டு நல்லாத்தான் இருந்திச்சி.

மூணு மாசமா காசு இல்லாம என்ன பண்ணினீங்கன்னு கேட்டேன். மகன் காசு இருக்கேன்னு சொல்லிச்சி. மகனுக்கு 43 வயசு, பொறந்ததுலேர்ந்தே புத்தி வளர்ச்சி கம்மி, ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருக்கு, வேலை செய்ய முடியாத ஓகேயுவுக்கு குடுக்கிற 300 வெள்ளி தனியா வருது. அது அவன் பேர்ல வர்ற வேற கேஸ், அதனால அது நிக்கல. வீட்டு வாடகை 250. மிச்சம் 50 வெள்ளியில ரெண்டு பேரு. கோயில்ல வெள்ளிக்கிழமை சாப்பாடு, பக்கத்து வீட்டு மீன் கொழம்பு, எஸ்டிஆர் காசு (வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கு கவுமென்ட்டு குடுக்கிற ரொக்க உதவி) வந்தா அந்த மாசம் அரிசி மூட்டை. மூணு மாசம் இப்படி ஓட்டியிருக்கு, யார்கிட்டயும் வாய தொறக்கல.

இங்க ஒண்ணு சொல்லிடணும், இதுலதான் நம்ம ஆளுங்க ரொம்ப கொழம்புறாங்க. எல்லாமே ‘கவுமென்ட் காசு’தான் ஆனா ஒரே கதவுலேர்ந்து வர்றது கெடையாது. எஸ்டிஆர் நிதி அமைச்சோட காசு, அதுக்கு பதிஞ்சிக்கிறது வருமான வரி இலாகாவுல. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பென்சன் மனிதவள அமைச்சுக்குக் கீழ, சம்பளத்துல புடிச்ச சந்தாவுக்கு கெடைக்கிறது. ஈகாசேன்னு ஏழைங்க பட்டியல் ஒண்ணு இருக்கு, அது பிரதமர் துறைக்குக் கீழ இருக்கிற ஒருங்கிணைப்பு பிரிவு வச்சிருக்கிறது. கெபாஜிக்கான்னு நாம சொல்றது சமூக நல இலாகா, மகளிர் குடும்ப சமூக மேம்பாட்டு அமைச்சு. பாட்டிக்கு நின்னது இதுல வர்ற முதியோர் உதவி. எஸ்டிஆர் வருதேன்னு ஒருத்தர் சொல்லி, அப்ப கெபாஜிக்கானும் வரும்னு பாட்டி காத்துக்கிட்டு இருந்திருக்கு. ஒண்ணு வர்றதுக்கும் இன்னொண்ணு வர்றதுக்கும் சம்பந்தமே இல்ல.

முதியோர் உதவிக்கு விதி என்னன்னா, 60 வயசு ஆகியிருக்கணும், குடிமகனா இருந்து இங்கயே வாழணும், வருமானம் வறுமைக் கோட்டுக்கு மேல போகக் கூடாது, பொழைக்க வழி இல்லாம இருக்கணும், ஹோம் எதுலயும் தங்கியிருக்கக் கூடாது, அப்புறம் குடும்பம் இல்லாம இருக்கணும், இல்லன்னா குடும்பம் இருந்தும் தாங்க வசதி இல்லாம இருக்கணும். 2021ல 350லேர்ந்து 500 ஆக்கினாங்க. இந்த கடைசி விதி இருக்கே, பிள்ளைங்களுக்கு வசதி இருக்கா இல்லயான்னு பாக்குறது, இந்த கேஸ் முழுக்க அதுலதான் தொங்கிச்சி.

கெடாவுல கவுமென்ட்டு ஆபீசுக்கு வெள்ளி சனிதான் லீவு, ஞாயித்துக்கிழமை தொறந்திருக்கும், எனக்கும் ஞாயித்துக்கிழமை கடையில கூட்டம் கம்மி, அதனால பாட்டிய கார்ல ஏத்திக்கிட்டு போனேன். நம்பர் எடுத்து ஒண்ணரை மணி நேரம் உக்காந்தோம். கவுண்டர்ல இருந்த புவான் ஐசி நம்பர தட்டி பாத்துட்டு, இது ரிவியூவுல (மறு ஆய்வுல) நின்னது, உள்ள ஆபீசர பாருங்கன்னு அனுப்பி வச்சாங்க. ஆபீசர் முப்பது வயசு இருக்கும், மலாய்க்காரம்மா, அந்த ஆபீசுக்கு மாத்தல் ஆகி வந்து ரெண்டு மாசந்தான் ஆகுதாம். ரிவியூ பண்ணினவரு அவங்க இல்ல, அவரு வேற ஊருக்கு மாத்தல் ஆகிப் போயிட்டாரு. பைல தொறந்து படிச்சாங்க. ஜூன் மாசம் வீட்டுக்கு வந்து பாத்ததா எழுதியிருக்கு. மக ஒண்ணு வேலை செய்யிது, அம்மாவுக்கு காசு குடுக்குது, இது பாட்டியே சொன்னதுன்னு எழுதியிருக்கு. பக்கத்து வீட்டுக்காரரும் மக பினாங்குல பேக்டரி வேலைன்னு சொன்னதா இன்னொரு வரி. அவ்வளவுதான். அந்த ரெண்டு வரிக்குத்தான் 500 வெள்ளி நின்னிருக்கு.

நான் பாட்டி பக்கம் திரும்பி, "பாட்டி, மக மாசாமாசம் காசு குடுக்குதுன்னு நீங்களா சொன்னீங்க?"ன்னு கேட்டேன். பாட்டி கீழ பாத்துக்கிட்டே இருந்திச்சி. அந்த நேரம் பாத்து ஆபீசரே மறுபடியும் அதே கேள்விய மலாய்ல கேட்டாங்க, "மக்சிக், அனாக் அடா பகி டுவிட் டாக்?" அதாவது, புள்ள காசு குடுக்குதா இல்லயான்னு. பாட்டி உடனே நிமிந்து, "அடா, அடா"ன்னு, அதாவது ஆமான்னு, தலைய ஆட்டிச்சி.

என் கண் முன்னாலயே நடந்திச்சி இது. ஜூன்லயும் இப்படித்தான் நடந்திருக்கும்.

அப்புறம் நான் தமிழ்ல வேற மாதிரி கேட்டேன். போன மாசம் மக எவ்வளவு குடுத்திச்சி பாட்டி? போன மாசம் ஒண்ணும் குடுக்கலப்பா. அதுக்கு முந்தின மாசம்? அதுவும் இல்ல. கடைசியா எப்ப குடுத்திச்சி? "போன தீவாளிக்கு சேலை எடுத்துக் குடுத்து கையில நூறு வெள்ளி வச்சிச்சி தம்பி, அது நல்ல புள்ள, அதுக்கே மூணு புள்ளைங்க, புருசன் விட்டுட்டுப் போயிட்டான்." அப்போ ஏன் பாட்டி அடான்னு சொன்னீங்கன்னு கேட்டதுக்கு, "குடுத்திச்சே, குடுக்கலன்னு எப்படிச் சொல்றது, பெத்த புள்ளைய ஆபீஸ்ல காட்டிக் குடுக்கச் சொல்றியா"ன்னு கேட்டுச்சி. அதுக்கு மேல என்னால பேச முடியல.

இன்னொரு பயமும் இருந்திருக்கு, அது கார்ல திரும்பி வரும்போதுதான் வெளிய வந்திச்சி. புள்ள பாக்கலன்னு சொன்னா பெடோங்குல இருக்கிற வயசானவங்க ஹோம்ல கொண்டு போய் விட்டுடுவாங்க, மகன வேற எங்கயாச்சும் கொண்டு போயிடுவாங்கன்னு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. உதவி கேக்கிறவங்கள அப்படியெல்லாம் புடிச்சிக்கிட்டுப் போக மாட்டாங்க, ஹோம்ல சேர்றதுக்கு தனியா மனு குடுக்கணும், யாரும் இல்லாதவங்களுக்குத்தான் அந்த எடம். ஆனா 71 வயசுல புத்தி வளராத மகனோட தனியா இருக்கிற ஒரு அம்மாவுக்கு இந்தப் பயம் இருக்குன்னு, ‘காசு குடுக்குதா இல்லயா’ன்னு வாசல்ல நின்னு கேக்கிற ஒருத்தருக்கு எப்படித் தெரியும்? அதுவும் பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கும்போது.

மொழி விசயத்த நான் சும்மா விட மாட்டேன். பாட்டிக்கு மலாய் தெரியாதுன்னு சொல்ல முடியாது, சந்தையில பேரம் பேசும், பஸ்ல எறங்க எடம் சொல்லும். ஆனா அது தமிழ் ஸ்கூல்ல மூணாவதோட நின்னு, காண்டா வாளி (ரப்பர் பால் சொமக்கிற வாளி) தூக்கி, லயத்துலயே, அதாவது எஸ்டேட் ஆளுங்களோட வரிசை வீட்டுலயே, காலத்த ஓட்டின மனுசி. மலாய்ல ‘அடா’ன்னா இருக்குன்னும் அர்த்தம், நடந்ததுன்னும் அர்த்தம். எப்பவோ ஒரு தரம் குடுத்ததுக்கும் அடாதான், மாசாமாசம் குடுக்கிறதுக்கும் அடாதான். ஆபீசர் கேட்டது வாடிக்கையா வருதான்னு, பாட்டி சொன்னது எப்பவாச்சும் வந்திருக்குன்னு. ரெண்டு பேரும் பொய் சொல்லல.

சரி, நிப்பாட்டினா லெட்டர் வந்திருக்கணுமேன்னு கேட்டேன். அனுப்பியிருக்காங்க, சிஸ்டத்துல தேதியே இருக்கு. எங்கன்னு பாத்தா பழைய எஸ்டேட் விலாசம். பாட்டி ஐசியில இன்னும் டிவிசன் பேரும் லயன் வீட்டு நம்பரும்தான் இருக்கு. எஸ்டேட்ட வித்து 2021லயே லயத்த இடிச்சிட்டாங்க, இப்ப அங்க போனா செம்மண்ணும் வீடமைப்பு விளம்பரப் பலகையும்தான். பாட்டி டவுன்ல ஒரு மலிவு வீட்டுல வாடகைக்கு இருக்கு. ரிவியூவுக்கு வந்தவரு போன்ல விசாரிச்சி புது வீட்டுக்குத்தான் வந்திருக்காரு, ஆனா சிஸ்டத்துல விலாசத்த மாத்தல, லெட்டர் பழைய எடத்துக்குப் போயிடுச்சி. எஸ்டேட் காலத்துல லெட்டர் வந்தா கிராணி (எஸ்டேட் கணக்கர்) ஆபீசுக்கு வரும், பெரட்டுல (காலையில வேலைக்கு ஆளுங்க கூடுற எடத்துல) பேரு கூப்பிட்டுக் குடுப்பாங்க, படிக்கத் தெரியலன்னா கிராணியே படிச்சிச் சொல்லுவாரு. எஸ்டேட் போனதும் வீடு மட்டும் போகல, லெட்டர் கைக்கு வந்து சேர்ற அந்த வழியும் சேந்து போயிடுச்சி. எங்க பக்கம் இப்படி ஐசியில செத்துப் போன எஸ்டேட் பேர வச்சிக்கிட்டு இருக்கிறவங்க நெறய பேரு, என் கடையில காப்பி எடுக்கும்போது நானே பாக்குறேன்.

இப்ப ஆபீசர் பக்கத்தையும் சொல்லணும், சொல்லாம விட்டா அது நியாயம் இல்ல. நாங்க அந்த ரூம்ல இருந்த முக்கா மணி நேரத்துல அவங்களுக்கு போன் நாலு தரம் வந்திச்சி. ஒண்ணு போலீஸ் ஸ்டேசன்லேர்ந்து, ஒரு சின்னப் புள்ள விசயம். சிறுவர் சட்டம் 2001ன்படி ஆபத்துல இருக்கிற புள்ளைய போய் மீக்கிறதும் இவங்கதான், தப்பு பண்ணி கோர்ட்டுக்கு வர்ற பையனப் பத்தி அறிக்கை எழுதிக் குடுக்கிறதும் இந்த இலாகா ஆளுங்கதான். புருசன் அடிக்கிறான்னு ஒரு பொம்பள ஓடி வந்தா ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு குடுக்கிற அதிகாரமும் இவங்ககிட்டதான் இருக்கு, 2017ல சட்டத்த திருத்தி அத கொண்டு வந்தாங்க. வெள்ளம் வந்துட்டா ஸ்கூல் ஹால தொறந்து ஆளுங்கள பதிஞ்சி பாயும் சாப்பாடும் பாக்கிறது இவங்க. ஓகேயு கார்டு, குழந்தைங்க காப்பகம், முதியோர் இல்லத்து லைசென்சு, ரோட்டுல படுத்திருக்கிறவங்க, எல்லாமே. இதுக்கு நடுவுல உதவி வாங்குற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் ரிவியூ பண்ணணும், அதுக்கு ஆபீஸ் கார் காலியா இருக்கணும்.

"ரிவியூன்னா ஒரு வீட்ல உக்காந்து பேசத்தான் எனக்கும் ஆசை, ஆனா அன்னைக்கே இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருக்கும்"னு அவங்க சொன்னாங்க. கோவமாவும் சொல்லல, சாக்கு சொல்ற மாதிரியும் தெரியல. எனக்கு அது மனசுல பதிஞ்சிடுச்சி. இந்த இலாகா 1946ல, போர் முடிஞ்ச கையோட, குடும்பம் செதஞ்சி போனவங்கள பாக்க ஆரம்பிச்சது. போர்ல ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் வேலைக்குப் போய் திரும்பாத ஆளுங்களோட பொண்டாட்டி புள்ளைங்க அப்ப நம்ம எஸ்டேட் லயத்துல எத்தனை பேரு இருந்திருப்பாங்க. அப்படித் தொடங்கின ஒரு இலாகாவுல வேலை செய்யிறவங்களுக்கு ஒரு கெழவிகிட்ட பத்து நிமிசம் உக்காந்து பேச நேரம் இல்லாம போறது, அது அந்த ஆபீசரோட தப்பு இல்ல, ஆனா யாராச்சும் சரி பண்ணியே ஆகணும்.

என்ன செய்யலாம்னு அவங்களே வழி சொன்னாங்க. ராயுவான், அதாவது மேல்முறையீடு போடுங்க, புது பாரம் வேணும், மகளோட சம்பளச் சீட்டு, விவாகரத்துப் பேப்பர், அவங்க புள்ளைங்களோட சூரட் பெரானாக்கு (பொறப்புப் பத்திரம்), இப்ப இருக்கிற வீட்டு விலாசத்துக்கு ஆதாரம், பேங்க் புக் காப்பி, எல்லாத்தையும் கொண்டு வாங்கன்னாங்க. பாட்டி சொன்னத திருத்தி எழுதிக்கவும் ஒத்துக்கிட்டாங்க, நான் தமிழ்ல கேட்டு மலாய்ல சொல்ல அவங்க எழுதி, திரும்ப வாசிச்சிக் காட்டி, பாட்டி கைநாட்டு வச்சிச்சி.

கஷ்டமான வேலை மகளுக்கு போன் பண்றதுதான். பாட்டி வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச்சி, புள்ளைக்கு மானம் போயிடும்னு ஒரே அழுகை. நவம்பர் 12 தீபாவளி, மக எப்படியும் வரும், அது வரைக்கும் பொறுத்திருக்கலாம்னு விட்டுட்டேன். தீபாவளிக்கு மறுநாள் மக தானா கடைக்கு வந்திச்சி. அம்மாவுக்கு காசு நின்னதே அதுக்குத் தெரியாது. "நான் குடுக்கிறேன்னு சொல்லித்தான் நிப்பாட்டினாங்களா அண்ணே"ன்னு கேட்டு அங்கயே ஸ்டூல்ல உக்காந்துடுச்சி. பிறையில பேக்டரி ஆபரேட்டர், அடிப்படைச் சம்பளம் 1,500, அது 2022 மே மாசத்துலேர்ந்து வந்த குறைஞ்சபட்ச சம்பளம், ஓவர்டைம் இருந்தா கொஞ்சம் கூட வரும். மூணு புள்ளைங்க, பெரியவனுக்கு 13, நடுவுல 9, கடைசி 5. ரூம் வாடகை, பஸ் காசு, புள்ளைய பாத்துக்கிற அம்மாவுக்குக் காசு. 2022 கணக்குல நாடு முழுக்க சராசரி வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்கு 2,589 வெள்ளி. பைல்ல ‘வேலை செய்யிற மக’ன்னு ஒரு வரியில முடிஞ்சி போன பொண்ணே அந்தக் கோட்டுக்குக் கீழதான் வாழ்ந்துக்கிட்டு இருக்கு.

பேப்பரெல்லாம் சேத்து நவம்பர் நடுவுல குடுத்தோம். ஐசி விலாசத்த பதிவு இலாகாவுல மாத்தினோம், அந்த ஒரு வேலைக்கே ஒரு நாள் போச்சி, ஆனா அத செய்யாம விட்டிருந்தா அடுத்த லெட்டரும் செம்மண்ணுலதான் கெடந்திருக்கும். டிசம்பர்ல அந்த ஆபீசரே வீட்டுக்கு வந்தாங்க. வர்றதுக்கு முன்னால எனக்கு போன் பண்ணி, மொழி பேச யாராச்சும் இருப்பாங்களான்னு கேட்டுட்டு வந்தாங்க. கதவ சாத்திட்டு உள்ள உக்காந்து பேசினாங்க, சமையல் மேடைய பாத்தாங்க, மகன்கிட்ட பேரு கேட்டாங்க, அவன் சந்தோசத்துல ஓகேயு கார்ட எடுத்து வந்து காட்டினான். காசு குடுக்குதான்னு கேக்காம, "மக கடைசியா எப்ப, எவ்வளவு குடுத்தாங்க"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு மாத்தந்தான் எனக்கு இந்த கேஸ்லயே பெரிய விசயம். பாட்டி இப்ப பயமில்லாம சொல்லிச்சி, ஏன்னா பதில்ல மக கெட்டவளா தெரியல, நூறு வெள்ளின்னு ஒரு கணக்கு மட்டுந்தான் இருந்திச்சி.

ஜனவரி 2024லேர்ந்து 500 மறுபடியும் ஏறிச்சி. ஆகஸ்டுலேர்ந்து டிசம்பர் வரைக்கும் அஞ்சு மாசக் காசு, 2,500 வெள்ளி, திரும்பக் கெடைக்கல, இத புது ஒப்புதலாத்தான் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு நான் இன்னும் வருத்தப்படுறேன். தப்பு நடந்தது கேள்வியிலயும் விலாசத்துலயும், பட்டினி கெடந்தது பாட்டி. லெட்டர் கைக்கே வராத ஒருத்தருக்கு அந்த மாசங்கள கணக்குல எடுக்கணும்னு நான் எழுதியும் குடுத்தேன், பதில் வரல. இப்ப 2025லேர்ந்து தொகை 600 ஆகியிருக்கு.

மகன் விசயத்துல ஒண்ணு சொல்லி வைக்கிறேன், நெறய பேருக்கு இது தெரியாது. அவனுக்கு வர்ற உதவி 59 வயசு வரைக்குந்தான், 60 ஆனா முதியோர் உதவிக்கு மாத்தணும், அது வரைக்கும் அம்மா இருக்குமான்னு தெரியாது. அதனால அவன் பேங்க் புக், ஓகேயு கார்டு, சூரட் பெரானாக்கு எல்லாத்துக்கும் ரெண்டு செட்டு காப்பி எடுத்து ஒண்ணு மககிட்ட, ஒண்ணு என் கடையில வச்சிருக்கோம்.

டிசம்பர்ல வீட்டுக்கு வந்த அன்னைக்கு, கெளம்புறதுக்கு முன்னால ஆபீசர் மகளோட சம்பளச் சீட்ட இன்னொரு தரம் எடுத்துப் பாத்தாங்க. மூணு புள்ளைங்களோட வயசையும் கேட்டாங்க. அப்ப இருந்த கணக்குப்படி ஆறு வயசுக்கு உள்ள இருக்கிற புள்ளைக்கு மாசம் 200, ஏழுலேர்ந்து 18 வரைக்கும் ஒரு புள்ளைக்கு 150, குடும்பத்துக்கு 1,000 வரைக்கும் குழந்தைகள் உதவி இருக்கு, மக ஏன் மனு போடலன்னு கேட்டாங்க. அப்படி ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது. மக இருக்கிறது பினாங்கு பக்கம், அதனால அங்க உள்ள மாவட்ட ஆபீஸ்லதான் போடணும், பாரம் மட்டும் இங்கயே ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போனாங்க. அடுத்த வாரம் மக லீவு போட்டு வந்து என் கடையிலேயே உக்காந்து அத நிரப்பிச்சி. சார்ந்து வாழ்றவங்கன்னு இருந்த கட்டத்துல மூணு புள்ளைங்க பேரையும் எழுதிட்டு, நாலாவது வரியில "அம்மா பேரையும் எழுதலாமாண்ணே"ன்னு கேட்டுச்சி.